கழற்காய்க் குடமும் நூரம்பெர்க் புனலும்

2003 கோடையில், புத்தூர் நால்ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாத மல்டிமீடியா கோர்ஸில் சேர்ந்தேன். கீழே மருந்துக்கடை. பெரியாஸ்பத்திரிக்கு வந்து போகிற கூட்டம் அந்தத் தெரு முழுக்க நிற்கும். மேலே ஏழு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, அதன் காற்று முதல் மூன்று கம்ப்யூட்டருக்குத்தான் எட்டும். ஃபீஸ் கட்டியதும் கையில் ஒரு ஸ்பைரல் பைண்டிங் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அதற்கு சென்டரில் 'மெட்டீரியல்' என்று பெயர். யாரோ ஆங்கில நூலைப் பார்த்து டைப் செய்து, அதை யாரோ ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்தது. ஸ்கிரீன் படங்கள் எல்லாம் கறுப்புச் சதுரங்களாக இருந்தன.

ஃப்ளாஷ் பகுதியின் முதல் பயிற்சி, பந்து. இடது பக்கம் ஒரு வட்டம் வரைய வேண்டும். முப்பதாவது ஃப்ரேமில் அதை வலது பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். நடுவில் மோஷன் ட்வீன் கொடுத்தால் பந்து நகரும். இதற்கு மெட்டீரியல் சொன்ன வழி: விண்டோ மெனு, அதில் பேனல்ஸ், அதில் ஃப்ரேம். எங்கள் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு ஃப்ரேம் பேனலே இல்லை. காரணம் சில வருடங்கள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மெட்டீரியல் 2000-ல் வந்த ஃப்ளாஷ் 5-க்கு எழுதியது. கம்ப்யூட்டரில் இருந்தது 2002-ல் வந்த ஃப்ளாஷ் எம்.எக்ஸ். அந்தப் பதிப்பில் சின்னச் சின்ன பேனல்கள் பலவற்றைக் கரைத்து, அடியில் நீளமாக ஒரே பிராப்பர்டீஸ் பலகையாக்கிவிட்டார்கள்.

தட்டுத் தடுமாறி அந்தப் பலகையைக் கண்டுபிடித்து, 'மோஷன்' என்று தேர்ந்தெடுத்தோம். டைம்லைனில் ஒரு அம்புக்குறி வர வேண்டும். எனக்கு வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அக்காவுக்கு அம்புக்குறிக்குப் பதிலாக விட்டுவிட்டு ஓடும் புள்ளிக்கோடு வந்தது. பந்து நகரவில்லை. கடைசி ஃப்ரேமில் மட்டும் சடாரென்று வலது பக்கம் குதித்தது.

"சார், எனக்கு கோடு வேற மாதிரி வருது."

"ஏதோ தப்பா பண்ணிருக்கீங்க. அழிச்சிட்டு மொதல்லேர்ந்து போடுங்க."

அவர் மூன்று நாள் மொதல்லேர்ந்து போட்டார். மூன்று நாளும் புள்ளிக்கோடு. கல்யாணமாகி, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உறையூரிலிருந்து நடந்து வந்து படித்தவர். "நமக்கெல்லாம் கம்ப்யூட்டர் மண்டையில ஏறாதுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் நின்றுவிட்டார். கட்டிய ஃபீஸ் போச்சு.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வரைந்த வட்டத்தை ஸிம்பலாக மாற்றவில்லை. ஃப்ளாஷுக்குப் பச்சையாக வரைந்த கோடு வேறு, ஸிம்பலாகக் கட்டி வைத்த பொருள் வேறு. மோஷன் ட்வீன் பொருளைத்தான் நகர்த்தும். நான் வலது பட்டனைத் தட்டி வந்த மெனுவில் 'கிரியேட் மோஷன் ட்வீன்' என்று கொடுத்திருந்தேன். அந்த வழியில் போனால் மென்பொருளே சத்தமில்லாமல் வட்டத்தை ஸிம்பலாக மாற்றி, 'ட்வீன் 1' என்று பெயர் வைத்து லைப்ரரியில் போட்டுவிடும். எனக்கு வந்ததும் அறிவால் வந்ததல்ல, அவருக்கு வராததும் மண்டையால் வராததல்ல. 84 பக்கத்தில் எங்கேயும் அந்தப் புள்ளிக்கோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. புத்தகத்துக்குத் தெரிந்ததெல்லாம் அம்புக்குறி மட்டும்.

இந்தக் கட்டுரை அந்தப் புள்ளிக்கோட்டைப் பற்றியது. அனிமேஷன் மென்பொருள் சொல்லித்தர வந்த முதல்படிப் புத்தகங்களை எதைக் கொண்டு எடைபோடுவது என்பதைப் பற்றியது.

*

புத்தகத்தை எடைபோடும் தராசு தமிழில் ரொம்ப காலமாக இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றம், இருக்க வேண்டிய பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்று பட்டியலே உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த விஷயம்தான். ஆனால் ஒரு சாஃப்ட்வேர் கைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தால் சிரிப்பு வரும். குன்றக் கூறல்: சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. ஸிம்பலாக மாற்றச் சொல்லாமல் விட்டது அதுதான். மற்றொன்று விரித்தல்: எடுத்த பொருளை விட்டு வேறொன்றை வளர்ப்பது. ஃப்ளாஷ் புத்தகத்தின் முதல் முப்பது பக்கம் கம்ப்யூட்டரின் தலைமுறைகள், ராம், ரோம், பாபேஜ் என்று போவது அது. எனக்குப் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல். ஆரம்பத்தில் ஆரவாரமாகப் போய் போகப் போகத் தேய்ந்து முடிவது. பென்சில் டூலுக்கு நான்கு பக்கம், ஆக்‌ஷன் ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்றரைப் பக்கம், கடைசியில் 'மேலும் பல வசதிகள் இதில் உள்ளன'. நான் புரட்டிய உள்ளூர் கைடுகளில் பாதி இப்படித்தான் முடிந்தன.

அதே பாயிரத்தில், ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு நான்கு உவமை வருகிறது. மடல் சூழ்ந்த பனை, வளைந்த தென்னை, பருத்தி அடைத்த குண்டிகை, கழற்காய் போட்ட குடம். இவை ஆளுக்குச் சொன்னவை. ஆனால் சென்டர் சாரே மெட்டீரியலைப் பார்த்துத்தான் பாடம் எடுக்கிறார் என்னும்போது புத்தகம்தானே ஆசிரியர்? அதனால் நூலுக்கும் பொருத்துகிறேன். குண்டிகைப் பருத்தி புரிகிறது: வாய் சின்னது, உள்ளே நிறைய இருந்தாலும் பிய்த்துப் பிய்த்துத்தான் வெளியே வரும். கழற்காய்க் குடம் இன்னும் கூர்மையானது. ஒவ்வொன்றாக ஒரு வரிசையில் போடுகிறோம். கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, எது வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதோ அது விழும்.

மெனு மெனுவாகச் சொல்லித்தரும் புத்தகம் கழற்காய்க் குடம். ஃபைல் மெனுவில் நியூ, ஓப்பன், சேவ், இம்போர்ட், எக்ஸ்போர்ட். அடுத்த அத்தியாயம் எடிட் மெனு. பிறகு வியூ. மென்பொருளை எழுதிய பொறியாளர்கள் தங்கள் வசதிக்குக் கட்டளைகளை அடுக்கிய வரிசையை, கற்பவன் கற்க வேண்டிய வரிசை என்று எடுத்துக்கொள்வது. வீட்டுக்கு வந்த மருமகனுக்குச் சமையல் சொல்லித்தர, அலமாரியின் மேல் தட்டிலிருந்து டப்பா டப்பாவாகத் திறந்து காட்டுவது போல. நன்னூல் கேட்கும் பத்து அழகில் ஒன்று முறையின் வைப்பு. எந்த முறை என்பதுதான் கேள்வி.

*

ஃப்ளாஷின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு அது பழைய கேம் சைட்டுகளின் நினைவாக மட்டும் இருக்கலாம். ஜோனத்தன் கே என்பவரும் நண்பர்களும் 1993-ல் ஃப்யூச்சர்வேவ் என்ற சின்னக் கம்பெனி தொடங்கினார்கள். முதலில் செய்தது பேனாவால் திரையில் வரையும் கணினிகளுக்கான ஸ்மார்ட்ஸ்கெட்ச். அந்தக் கணினிகள் எடுபடவில்லை. வரைந்ததை நகர வைத்து, இணையத்தில் காட்டலாம் என்று 1996-ல் ஃப்யூச்சர்ஸ்ப்ளாஷ் அனிமேட்டர் என்று மாற்றினார்கள். அந்த வருடக் கடைசியில் மேக்ரோமீடியா அதை வாங்கி ஃப்ளாஷ் என்று பெயர் வைத்தது. 2005-ல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனில் ஃப்ளாஷ் ஏன் கிடையாது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். 2017-ல் அடோபி மூடுவிழாவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் எதையும் ஓட்ட மறுத்துவிட்டது.

புத்தகங்களின் கதை இதற்கு அடியில் ஓடுகிறது. எம்.எக்ஸ். 2002-ல், எம்.எக்ஸ். 2004, ஃப்ளாஷ் 8 2005-ல், சி.எஸ்.3 2007-ல், சி.எஸ்.4 2008-ல். ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு ஒரு பதிப்பு. அமெரிக்காவில் மென்பொருளோடு புத்தகமும் கூடவே புதுப்பதிப்பு வரும். இங்கே அப்படி இல்லை. மென்பொருள் மட்டும் சீக்கிரம் வந்துவிடும், காசு கொடுத்து வாங்கியதா என்று கேட்காதீர்கள். புத்தகம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். நூலகத்துக்குள் போக இன்னும் இரண்டு வருடம்.

பெரிய விபத்து நடந்தது சி.எஸ்.4-ல். அதுவரை எல்லாப் புத்தகமும் சொல்லித்தந்த மோஷன் ட்வீனை அடோபி வேறு மாதிரி வடிவமைத்தது. பழைய முறைக்கு 'கிளாசிக் ட்வீன்' என்று பெயர் மாற்றிவிட்டு, 'மோஷன் ட்வீன்' என்ற பழைய பெயரைப் புதிய முறைக்குக் கொடுத்தது. பெயர் அதே, வேலை வேறு. வழக்கமான வேகமும் விநாடிக்கு 12 ஃப்ரேமிலிருந்து 24 ஆனது. பழைய புத்தகத்தைப் பார்த்துச் செய்தால் எல்லாக் கட்டளையும் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் சொன்னபடி எதுவும் நடக்காது. பந்து இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். மெனு காணாமல் போனால் புத்தகம் பழசு என்றாவது தெரியும். பெயர் இருந்து பொருள் மாறினால் கற்பவன் தன்னைத்தான் சந்தேகப்படுவான்.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஆங்கில நூல்களில் இரண்டு வகை பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, கேத்தரின் உல்ரிச் எழுதிய விஷுவல் குவிக்ஸ்டார்ட் வரிசை. எண் போட்ட படிகள், ஒவ்வொரு படிக்கும் பக்கத்திலேயே சின்னப் படம், ஒவ்வொரு வேலையின் முடிவிலும் சில குறிப்புகள். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கூட படத்தைப் பார்த்துப் போய்விடலாம். இன்னொன்று, அடோபியே ஆசீர்வதித்த 'கிளாஸ்ரூம் இன் எ புக்'. அது பாடத்தை ஒரு முழு வேலையாகக் கட்டும். தொடக்கக் கோப்பு, முடிவுக் கோப்பு இரண்டும் சிடியில் இருக்கும். முடிவை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அதை நோக்கி நடக்கலாம். அருமையான ஏற்பாடு. நூலகத்தில் நான் எடுத்த பிரதியில் பின்னட்டையில் சிடி வைக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தது. சிடி இல்லாமல் அந்தப் புத்தகம், உலை இல்லாமல் எழுதிய சமையல் குறிப்பு.

கல்லூரிகளில் மல்டிமீடியா என்றால் டே வான் எழுதிய 'மல்டிமீடியா: மேக்கிங் இட் வொர்க்'. தமிழ்நாட்டில் பி.சி.ஏ., பி.எஸ்.சி. படித்தவர்கள் அட்டையையாவது பார்த்திருப்பார்கள். அது எந்த மென்பொருளையும் படிப்படியாகச் சொல்லித்தராது. எழுத்து, ஒலி, படம், அசைவு, காணொளி, ஒரு வேலையை எப்படித் திட்டமிடுவது, எவ்வளவு கேட்பது என்று போகும். அதனால்தான் பதிப்பு மாறினாலும் தாங்கியது. ஆனால் தேர்வுக்கு வரும்போது அது 'அனிமேஷன் என்றால் என்ன, விவரி' என்று சுருங்கிவிடும். பந்தை நகர்த்தாமலேயே பத்து மதிப்பெண் வாங்கலாம்.

*

தமிழில் என்ன இருந்தது?

கணினியைத் தமிழில் விளக்கலாம், அதுவும் அலுக்காமல் விளக்கலாம் என்று காட்டியவர் காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா. ஆனால் அவர் சொன்னது கணினியின் கதை. 'இந்த பட்டனை அழுத்து, இது நடக்கும்' என்ற வேலைப் புத்தகம் வேறு இனம். அதை 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழும், தினமலரின் கம்ப்யூட்டர் மலரும் தொண்ணூறுகளின் இறுதியிலும் அதற்குப் பிறகும் வாரம் பட்சமாகச் செய்தன. காம்கேர் கே. புவனேஸ்வரி தமிழில் கணினி நூல்களை வரிசையாக எழுதினார், சொந்த நிறுவனத்தில் அனிமேஷன் சிடிகளும் தயாரித்தார். வேலையைச் செய்தவரே அதைப் பற்றி எழுதுவது இந்தத் துறையில் அன்றைக்கு அரிது.

சொல் விஷயத்துக்கு மணவை முஸ்தபா. பெயரில் இருக்கும் மணவை நம்ம மணப்பாறை. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக இருந்தவர், தனி ஆளாகக் கணினிக் களஞ்சியப் பேரகராதி தொகுத்தார். இவ்வளவு இருந்தும் எங்கள் மெட்டீரியல் எழுதியவருக்கு ஒரு தீராத சங்கடம் இருந்தது தெரிகிறது. திரையில் இருப்பது ஆங்கிலம். அதைத் தமிழாக்கினால் மாணவன் திரையில் தேடி ஏமாறுவான். ஆக்காவிட்டால் புத்தகம் 'இன்சர்ட்டை கிளிக் செய்து கீஃப்ரேமை செலக்ட் செய்து' என்று வேற்றுமை உருபு மட்டும் தமிழாக மிஞ்சும்.

எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. மெனுவின் பெயரை அப்படியே எழுதுங்கள், தமிழ் எழுத்தில். அது முகவரி, முகவரியை மொழிபெயர்க்கக் கூடாது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கருத்தைத் தமிழில் சொல்லாமல் நகராதீர்கள். ட்வீன் என்ற சொல்லையே பாருங்கள். கையால் வரைந்த கார்ட்டூன் காலத்தில் மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். அந்த இரண்டு படத்துக்கும் இடைப்பட்ட படங்களை உதவியாளர் வரைவார். 'இன்பிட்வீன்' என்பதன் மிச்சம்தான் ட்வீன். முக்கிய நிலைதான் கீஃப்ரேம். 'நீ இரண்டு முக்கியப் படம் வரை, இடைப்படங்களைக் கம்ப்யூட்டர் வரையும்' என்று ஒரு வரி இருந்திருந்தால் எங்கள் வகுப்பில் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். ஆனியன் ஸ்கின் என்ற வசதியை எங்கள் மெட்டீரியல் 'வெங்காயத் தோல்' என்று பெயர்த்துவிட்டு மேலே போய்விட்டது. அடியில் இருக்கும் படம் தெரிகிற மெல்லிய தாளுக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர், அந்தத் தாளை அடுக்கி வைத்துத்தான் அடுத்த படத்தை வரைவார்கள் என்று சொல்லவில்லை. வெங்காயத் தாள் என்றால் எங்களுக்குப் பொரியல்தான் ஞாபகம் வரும்.

*

பள்ளிப் பாடநூலுக்கு வருகிறேன். அங்கேதான் எண்ணிக்கை பெரிது.

2000-களின் நடுவில் வந்து 2018-19 கல்வியாண்டு வரை ஓடிய பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் முதல் தொகுதி, சன் நிறுவனத்தின் ஸ்டார் ஆஃபீஸைச் சொல்லித்தந்தது. அதில் மல்டிமீடியாவுக்கு ஒரு அத்தியாயம். மார்ஃபிங், வார்ப்பிங் என்று வரையறைகள் வரும். ஒரு முகம் இன்னொரு முகமாக மாறுவதை ஒருதடவைகூடப் பார்க்காமல் அதற்கு வரையறை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய தலைமுறை ஒன்று உண்டு. 2011-ல் ஆரக்கிள் ஸ்டார் ஆஃபீஸ் வழிவந்த வணிகப் பதிப்பை நிறுத்திய பிறகும் பாடம் நிற்கவில்லை.

2019-ல் புதிய பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் நூல் வந்தது. முதல் அத்தியாயம் மல்டிமீடியாவும் டெஸ்க்டாப் பப்ளிஷிங்கும். இரண்டாவது அத்தியாயம் அடோபி பேஜ்மேக்கர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001-ல். அதாவது அந்தப் புத்தகத்தைப் படித்த மாணவர்கள் பிறப்பதற்கு முன்னாலோ பிறந்த வருடத்திலோ. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. நானும் சிரித்தேன். பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனேன். டி.டி.பி. கடையில் திரையில் ஓடிக்கொண்டிருந்தது பேஜ்மேக்கர். தமிழ் எழுத்துருக்கள், பழைய கோப்புகள், அச்சகத்தின் பழக்கம் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன. யூனிகோட் தமிழை அது ஒழுங்காகக் காட்டாது என்பது கடைக்காரருக்குப் பிரச்சினையே இல்லை. அவரிடம் இருப்பதெல்லாம் பழைய குறியாக்க எழுத்துரு. நன்னூலின் பத்து அழகில் உலகம் மலையாமை என்று ஒன்று, உயர்ந்தோர் வழக்கோடு முரண்படாமை. எந்த உயர்ந்தோர்? கலிஃபோர்னியாவில் பேஜ்மேக்கர் செத்துப்போனது. திருச்சியில் அது சம்பளம் தருகிறது. பழையது என்பதற்காக மட்டும் ஒரு பாடத்தைத் தூக்கி எறிய எனக்கு மனசில்லை. ஆனால் அந்த அத்தியாயம் பக்க அமைப்பைச் சொல்லித்தருகிறதா, மெனுவைச் சொல்லித்தருகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் மெனு. எந்தப் பட்டியில் எந்தக் கட்டளை, அதற்கு எந்தக் குறுக்குவிசை. மாணவன் நாளை வேறு மென்பொருளுக்குப் போனால் கையில் மிஞ்சுவது என்ன?

அனிமேஷனுக்கு நேரடியாக வரும் இடம் பத்தாம் வகுப்பு அறிவியல். 2019-ல் வந்த புத்தகத்தின் இருபத்து மூன்றாவது அலகு, கடைசி அலகு, காட்சித் தொடர்பு. அதில் ஸ்க்ராட்ச். எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு செய்து 2007-ல் வெளியிட்ட மென்பொருள். அதன் இரண்டாவது பதிப்பே ஃப்ளாஷில் கட்டப்பட்டதுதான். ஃப்ளாஷ் சாகப்போகிறது என்று தெரிந்ததும் மூன்றாவது பதிப்பை இணையத்தின் சொந்த நுட்பங்களில் எழுதி 2019 ஜனவரியில் விட்டார்கள். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் ஒவ்வொரு பத்தாம் வகுப்பு பிள்ளையின் கையிலும் அனிமேஷன் மென்பொருளுக்கான பாடம் இருக்கிறது என்பது சாதாரண விஷயமா? ஃப்ளாஷ் படிக்க மாடிப்படி ஏறிக் காசு கட்டிய எங்களுக்கு இது கனவு.

பாடத்தைப் படித்தால் ஸ்டேஜ் என்றால் இது, ஸ்ப்ரைட் என்றால் இது, ஸ்கிரிப்ட் எடிட்டர் என்றால் இது என்று வருகிறது. கேள்வி: அசைவூட்டம் உருவாக்கப் பயன்படும் மென்பொருள் எது? சரியான விடை ஸ்க்ராட்ச். எதிர்வீட்டுப் பையன் இதைச் சரியாக எழுதினான். ஸ்க்ராட்சைத் திறந்ததில்லை. ஸ்க்ராட்சின் பூனைக்கு இரண்டு உடை உண்டு, ஒன்றில் கால் முன்னே, இன்னொன்றில் பின்னே. பத்து அடி நகர்ந்து உடையை மாற்றச் சொன்னால் பூனை நடக்கும். என் போனிலேயே ஐந்து நிமிடத்தில் செய்து காட்டினேன். "இதான் அந்த ஒரு மார்க்கா?" என்றான்.

*

ஜெர்மனியில் நூரம்பெர்க் புனல் என்று ஒரு பழைய கேலி இருக்கிறது. மாணவன் தலையில் புனலைச் செருகி அறிவை ஊற்றுவது. 17-ம் நூற்றாண்டில் அந்த ஊர்க் கவிஞர் ஹார்ஸ்டர்ஃபர் கவிதைக் கலையைச் சில மணி நேரத்தில் ஊற்றித் தருவதாக ஒரு நூலுக்கே புனல் என்று பெயர் வைத்தார். ஜெர்மனில் புனலுக்கு 'ட்ரிஷ்டர்'. திருச்சிக்காரன் காதில் இது வேறு மாதிரி விழுகிறது, போகட்டும்.

ஜான் கேரல் என்ற ஆய்வாளர் ஐ.பி.எம். ஆய்வகத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில், அலுவலக ஊழியர்கள் கையேட்டை வைத்துக்கொண்டு வேர்ட் ப்ராசஸர் கற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். 1990-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கியபோது வைத்த பெயர், 'நூரம்பெர்க் புனல்'. அவர் பார்த்தது எளிமையானது. யாரும் கையேட்டை வரிசையாகப் படிப்பதில்லை. தாவுகிறார்கள். முன்னுரையை விடுகிறார்கள். உடனே ஒரு நிஜமான வேலையைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். தப்பு செய்கிறார்கள், தப்பிலிருந்து வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். கற்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்தச் சிக்கலில் போகிறது. அதனால் அவர் குழு ஒரு மெலிந்த கையேடு எழுதியது. விளக்கம் குறைவு, உடனே வேலை, முக்கியமாகத் தப்பைக் கண்டுபிடித்து மீள்வதற்கான குறிப்பு. அதை வைத்துப் படித்தவர்கள் பருமனான கையேட்டுக்காரர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள்.

படித்தபோது எனக்கு உறையூர் அக்கா ஞாபகம்தான் வந்தது. மூன்று நாள் புள்ளிக்கோடு. கேரல் சொல்வது சரியென்றால் அவரிடம் குறை ஒன்றுமில்லை, எல்லாரும் போவது போலத்தான் அவரும் போனார். குழிக்குப் பக்கத்தில் பலகை இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் இதை யாராவது செய்தார்களா என்று தேடினால் ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் கிடைக்கிறது. பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய திட்டம். கட்டற்ற மென்பொருள்களுக்குப் பத்து நிமிட அளவில் குரல்வழிப் பாடங்கள், தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் மாற்றியவை. அனிமேஷன் பக்கம் பிளெண்டர், சின்ஃபிக் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு பாதித் திரையில் பாடம், மறுபாதியில் நீங்கள் செய்ய வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களின் இரண்டு பழக்கம். பாடத்தின் எழுத்து வடிவத்தைப் பதிவு செய்வதற்கு முன் அந்த மென்பொருளே தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். அவர் மாட்டிக்கொண்டால் எழுத்து திரும்பி வரும். இரண்டாவது, சி மொழி போன்ற பாடங்களில் வேண்டுமென்றே ஒரு அரைப்புள்ளியை அழித்துவிட்டு, பாருங்கள் இப்படித்தான் பிழைச் செய்தி வரும், இப்படிச் சரி செய்யுங்கள் என்று காட்டுகிறார்கள். புள்ளிக்கோட்டைப் புத்தகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

குரல் தட்டையாக இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். நாலாவது நிமிடத்தில் கண் சொக்கும். பதிப்பு மாறும் பிரச்சினையும் தீரவில்லை. பிளெண்டர் 2002-ல் உலகம் முழுக்கத் திரட்டிய 1,00,000 யூரோவால் விடுதலையான மென்பொருள். அது 2019 ஜூலையில் 2.80 என்ற பதிப்புக்கு வந்தபோது, அதுவரை வலது பட்டனால் தேர்ந்தெடுத்ததை இடது பட்டனுக்கு மாற்றியது. முகப்பையும் மாற்றியது. அதற்கு முந்தைய பிளெண்டர் பாடம் அத்தனையும், நல்லது கெட்டது எல்லாம், ஒரே நாளில் பழைய பஞ்சாங்கம்.

பழசாகாத புத்தகங்களும் உண்டு. டிஸ்னியில் இருந்த பிரெஸ்டன் பிளேர் 1940-களில் எழுதிய சின்ன அனிமேஷன் புத்தகம், ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்', ரிச்சர்ட் வில்லியம்ஸ் 2001-ல் எழுதிய 'அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்'. மூன்றிலும் ஒரு மெனு கிடையாது. பந்து தரையில் விழும்போது நசுங்கும், எழும்போது நீளும், உச்சியில் தயங்கும், கீழே வரவர வேகம் பிடிக்கும். 1987-ல் ஜான் லாசெட்டர், பிறகு டாய் ஸ்டோரி எடுத்தவர், இந்தப் பழைய விதிகள் கம்ப்யூட்டருக்கும் அப்படியே பொருந்தும் என்று கணினி வரைகலை மாநாட்டில் கட்டுரை படித்தார்.

இந்த வகைப் புத்தகம் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. நசுக்கல் நீட்டல் தெரிந்தவனுக்கும் ஸிம்பலாக மாற்றாவிட்டால் புள்ளிக்கோடுதான் வரும். ஆனால் எங்கள் மெட்டீரியலில் பந்து ஒரே வேகத்தில், ஒரே வடிவத்தில், கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி நகர்ந்தது. ஃப்ளாஷில் ஈஸ் என்று ஒரு இடம் உண்டு, கழித்தல் நூறிலிருந்து கூட்டல் நூறு வரை எண் கொடுக்கலாம். அந்த ஒரு எண்ணால் பந்துக்கு எடை வந்துவிடும். அதைப் பற்றி மெட்டீரியலில் இருந்த முழு விளக்கம்: 'தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம்'.

2000-ல் சென்னை பென்டாமீடியா 'பாண்டவாஸ்' எடுத்திருந்த நேரம். அனிமேஷன் படித்தால் வேலை என்று தெருவுக்குத் தெரு போர்டு தொங்கியது. எங்கள் பேட்ச்சில் பதினொரு பேர். இப்போது அனிமேஷனில் இருப்பது ஒருவர், அவரும் திருமண வீடியோ டைட்டில் வேலை. இதற்குப் புத்தகம் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். சென்டர் இருந்த மாடியில் இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம்.

போன மாதம் வீடு ஒழித்தபோது அந்த ஸ்பைரல் புத்தகமும் ஒரு சிடியும் கிடைத்தன. சிடியில் 2003-ல் செய்த எஸ்.டபிள்யூ.எஃப். கோப்பு. ஃப்ளாஷ் பிளேயர் இல்லாத காலத்திலும் இவற்றை ஓட்ட ரஃபிள் என்று ஒரு கட்டற்ற நிரல் இருக்கிறது. இணையக் காப்பகமே பழைய ஃப்ளாஷ் படங்களை அதைக் கொண்டுதான் காட்டுகிறது. அதில் போட்டுப் பார்த்தேன். நீல நிறப் பந்து. இடமிருந்து வலம், முப்பது ஃப்ரேம், ஒரே வேகம். வலது ஓரத்தைத் தொட்டதும் மறுபடி இடது பக்கத்திலிருந்து தொடங்கியது. புத்தகத்தில் அந்தப் பயிற்சி இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'கோடு வேற மாதிரி வந்தா F8'. ஸிம்பலாக மாற்றும் விசை. எப்போது எழுதினேன் என்று நினைவில்லை. அக்கா நின்றுவிட்ட பிறகுதான் இருக்கும்.